முந்நூற்று அறுபது வெட்டுகள்

மகா யுத்தம் தொடங்குவதற்கு ஆறு வருஷம் முந்தி, ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரமாக நான்கு பட்டைத் தொட்டிகளைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாகத் தோல் பதனிடும் தொழில் ஆரம்பித்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பெரிய தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் சாலையில், கணக்குப்பிள்ளையாக இருந்தேன். உள்ளே வரும் தோலையும் வெளியே போகும் தோலையும் எண்ணி எழுதுவது என் வேலை. பதினோரு வருஷத்தில் எண்ணிக்கை தவறியது மூன்றே தடவை. அதில் இரண்டு தடவை தவறு என்னுடையதல்ல.

எண்ணத் தெரிந்தவனுக்குத் தொழிலும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டேன். விட்ட மறுநாளே பயம் பிடித்துக்கொண்டது. முதல் சரக்கு விலை போகாவிட்டால் அடுத்த சரக்குக்குப் பச்சைத்தோல் வாங்க வழியில்லை. பழைய முதலாளியிடம் திரும்பிப் போகலாம் என்றால், என் இடத்தில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

பதம் போடுவதற்கு ஒரு மேஸ்திரியை வைத்துக்கொண்டேன். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். அதிகம் பேசமாட்டார். ஒரு தொட்டிக்குத் தொண்ணூறு ஆட்டுத்தோல் வீதம் முந்நூற்று அறுபது தோல் போட்டோம். சுண்ணாம்பு, மயிர் எடுப்பு எல்லாம் முடிந்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊற ஆரம்பித்தது.

பட்டை ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்கு ஒரு தோலை எடுத்து, கழுத்துப் பக்கம் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். வெட்டின இடத்தின் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சை. முழுக்க ஒரே நிறமாக இருந்தால் பதம் வந்துவிட்டது. மேஸ்திரி ஒரு சனிக்கிழமை நான்கு தொட்டியிலும் நான்கு தோலை வெட்டிப் பார்த்தார்.

"ஏறிடுச்சிங்க. திங்கக்கெழம எடுத்துரலாம்" என்றார்.

"நாலுதானே பார்த்தீர்? மீதி முந்நூற்று ஐம்பத்தாறு?"

"அதுங்களும் அதே தண்ணியிலதான கெடக்குது?" என்று சொல்லிவிட்டு, கத்தியைச் சுவர் இடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. பழைய ஷாப்பில் ஒரு தடவை உள்ளே பச்சை என்று சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. திரும்பி வந்ததை எண்ணி எழுதியவனே நான்தான். மறுநாள் ஞாயிறு, மேஸ்திரிக்கு லீவு. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் எனக்கு அந்த முந்நூற்று ஐம்பத்தாறு நினைவுதான்.

"சாமி கும்புட வந்தீங்களா, வெரல மடக்கி எண்ண வந்தீங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் என் மனைவி. நேரே தொட்டிக்குப் போனேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தோலாக எடுத்து வெட்டிப் பார்த்தேன். ஓரத்தில் பட்டை சீக்கிரம் ஏறிவிடும், அதை நம்பக்கூடாது என்று எனக்கு ஒரு யோசனை. ஆகையால் ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டினேன். மேஸ்திரி பார்த்த நான்கையும் விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது. முந்நூற்று அறுபதும் பதம். நோட்டில் அப்படியே எழுதிவிட்டு, கை கறையோடு சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி முதல் தொட்டியில் கை விட்டார். ஒரு தோலைத் தூக்கிப் பார்த்தார், இன்னொன்று, இன்னொன்று. பத்தாவது தோலுக்கு மேல் பார்க்கவில்லை.

"இன்னா வேல பண்ணி வச்சிக்கிறீங்க?"

"சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது."

"சரியாத்தான் இருந்துது" என்றார். பிறகு தன் வேலையைப் பார்த்தார். சோதனைக்காகப் போடுகிற வெட்டு குறையில் சேராது என்பது என் எண்ணம். பழைய ஷாப்பில் எண்ணிக்கை என் அறையில் நடந்தது. தரம் பிரிப்பது வேறு கொட்டகையில் நடந்தது. பதினோரு வருஷத்தில் அந்தக் கொட்டகைக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை.

தோலை அலசி, எண்ணெய் தடவி, காயவைத்து அடுக்கினோம். மேல்விஷாரத்து வியாபாரி ஒருவர் சரக்கைத் தரம் பிரிக்கத் தன் ஆளை அனுப்பினார். வந்தவர் இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பாய். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தோலை மடித்து, கட்டைவிரலால் நீவி, "அடடே" என்று தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. கழுத்துப் பக்கம் திருப்பினார். தோலைக் கழிவுப் பக்கம் வீசினார். அடுத்ததும் அங்கேதான். முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் விட்டிருந்த இடம் காலியாகவே இருக்க, இருபத்திரண்டு தோல் கழிவில் விழுந்தது. இருபத்து மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னாய்யா இது, எலி கடிச்சாப்ல? எவன் வெட்னது?"

  பாய் மேஸ்திரியைப் பார்த்தார்.

"நீயா? கத்தி புடிக்கத் தெரியாதவனெல்லாம் மேஸ்திரியா? கணக்கரே, புதுத் தொழிலு, தெரியாம ஆள வச்சிட்டீங்க. இவன அனுப்பிட்டு வேற ஆளப் போடுங்க. அடுத்த சரக்குக்கு நானே எங்க மொதலாளிகிட்ட சொல்றேன்."

எனக்கு வழி திறந்த மாதிரி இருந்தது. மேஸ்திரி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேர் வந்தால் அந்த வட்டாரத்தில் வேறு ஷாப்பில் வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அடுத்த சரக்கு உறுதி. திறந்தால், பதம் பார்க்கக்கூடத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் ஆகிவிடும். யார் சரக்கு வாங்குவார்கள்?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியவில்லை. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

"வெட்டினது நான்தான் பாய். அவர் நாலே தோல்தான் பார்த்தார். சரியாகத்தான் சொன்னார். நான் நம்பவில்லை."

"அல்லாம் நீங்களா?"

"முந்நூற்று அறுபதும்."

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். "நம்ம தோஸ்த்துங்ககிட்ட சொன்னா நம்பமாட்டானுங்க" என்றார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "அதான பார்த்தேன். இம்மாம் நல்லாப் பதம் போட்ட கை இப்டி வெட்டுமான்னு பேஜாரா இருந்துச்சி. திட்டினதுக்கு இன்னா பண்றது, வுட்டுடு" என்றார்.

அவர் போய்விடவில்லை. கழிவில் கிடந்த ஒரு தோலை எடுத்துவந்து கழுத்தில் மூன்று விரல் அளவுக்கு மடித்துக் காட்டினார். அவ்வளவையும் வெட்டி எறிந்தால் வெட்டும் கூடவே போய்விடும். தோல் சின்னதாகும், ஆனால் குறையில்லாத தோல்.

"சைஸ் கம்மியாவும். எடையும் போவும். கழிவுல போடறதுக்கு இது மேல். நாளைக்கி வர்றேன், அறுத்து வையுங்க. ஆனா கத்தி மேஸ்திரி கையில இருக்கட்டும்."

மேஸ்திரி அறுத்தார். நான் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நூறு தோல்வரை இருவரும் பேசவில்லை. அதன்பின் அவர், "கையக் கொஞ்சம் நவுத்துங்க, வெரலு போயிடும்" என்றார். அன்றைக்கு அதுவே எனக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

சரக்கு விலை போயிற்று. லாபம் இல்லை, இரண்டாவது சரக்குப் போடுகிற அளவுக்குத் தேறியது. அந்தச் சரக்கு பதம் பார்க்கிற நாளில் மேஸ்திரி நான்கு தோலை வெட்டிப் பார்த்து, "ஏறிடுச்சிங்க" என்றார்.  தொட்டியைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன், தூக்கம் வரவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை. தொழிலில் நான் தைரியமாகச் செய்த முதல் காரியம் என்று சொன்னால், அப்படிப் படுத்துக் கிடந்ததைத்தான் சொல்லவேண்டும்.

நான்கு தொட்டி பின்னால் பதினெட்டுத் தொட்டி ஆயிற்று. மேஸ்திரி கடைசிவரை என்னோடு இருந்தார். பிற்காலத்தில் தொழிலில் கூட்டாளியாகவும் ஆனார். பயம் மட்டும் இன்றுவரை போகவில்லை. ஆனால் எதையாவது இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும்போதெல்லாம், இந்தச் சோதனை சரக்குக்காகவா, என் தூக்கத்துக்காகவா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் என் தூக்கத்துக்காகத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.