பதினைந்து வருடம் முடிந்த கார்

நீங்கள் பொய் சொன்னீர்கள். பஜாரில் கடை போட்டு லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆர்.சி. புக் என்று எல்லாம் முடித்துத் தருகிற ஏஜென்ட் நீங்கள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க முடியாது. தெரிந்துதான் சொன்னீர்கள்.

எங்கள் காருக்குப் பதினைந்து வருடம் முடிய அப்போது இரண்டு மாதம் இருந்தது. நான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கீழ் கோத்தகிரிப் பக்கம், தேயிலைக்கு நடுவே சரிவில் எங்கள் வீடு. போன வருடம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரம் மூன்று நாள் கோத்தகிரிக்குக் கூட்டிப்போய்ப் பிசியோதெரபி கொடுக்க வேண்டும். பஸ் நிற்கும் இடம் மேலே இருக்கிறது, அதுவரை செங்குத்தான படிகள். அவரால் ஒரு படி ஏற முடியாது. வாரம் மூன்று தடவை வாடகை வண்டி பிடிக்க எங்களுக்கு வசதி இல்லை. கார் இருந்தால் அவர் நடப்பார், இல்லாவிட்டால் கட்டிலில் கிடப்பார். அவர் விழுந்த பிறகுதான் நான் காரையே ஓட்ட ஆரம்பித்தேன்.

பதிவைப் புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் போனை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏனுங்க்கா, விசயமே தெரியாதுங்களா? மலையில பதினஞ்சு வருசம் முடிஞ்ச வண்டி இனி ஓடக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. பழைய இரும்புக்குத்தான் போவும். எங்கிட்டக் குடுத்துருங்க, நம்ம ஆளுன்னு பாத்து ஒரு வெலை போட்டுத் தர்றேன்."

"எந்தச் சட்டமுங்க? பேப்பர்ல வந்துச்சுங்களா?"

"வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க்கா. உங்க மேலூட்டுக்காரரு போன மாசமே குடுத்துட்டாரு. அவரு வெவரமானவரு."

மேல்வீட்டுக்காரர் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறவர். மகளின் கல்யாணத்துக்குக்கூட விற்காத காரை உங்களிடம் கொடுத்துவிட்டு, இப்போது மனைவியோடு மூச்சு வாங்க அந்தப் படிகளை ஏறிக்கொண்டிருந்தார். கேட்டால் "சட்டமுன்னா என்னங்க பண்றது?" என்பார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் கோணிய வாயால் சொன்னார்: "வித்துரு. நா நடந்து யாரு ஊட்டுக்குப் பொண்ணு பாக்கப் போறேன்?"

அவருக்கு அது வேடிக்கை. எனக்குக் கோபம் வந்தது. வேலைக்காலம் முழுக்கச் சுற்றறிக்கை படித்து ஃபைல் கட்டியவள் நான். சட்டம் என்றால் அதற்கு ஒரு காகிதம் இருக்கும், அதில் ஒரு கையெழுத்து இருக்கும். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய்விட்டேன். கவுண்டரில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் இருந்தார்.

"யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது? பசுமை வரி கட்டுங்க, இன்சூரன்சும் புகைச் சான்றும் கொண்டாங்க, வண்டியக் கொண்டாந்து காட்டுங்க. நல்லா இருந்தா இன்னும் அஞ்சு வருசம் ஓட்டிக்கலாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வெளியே பார்த்தேன்.

முதல் தடவை கார் தேறவில்லை. அதற்கு உங்கள்மேல் பழி போட மாட்டேன். அது எங்கள் மலைக்காரர் புத்தி. இங்கே யாரும் கை பிரேக் போடுவதில்லை. மழையிலும் பனியிலும் போட்டு வைத்தால் காலையில் பின்சக்கரம் ஒட்டிக்கொண்டு நகராது. அதனால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவோம். எல்லார் காரிலும் ஒரு கல் இருக்கும்.

மோட்டார் வாகன ஆய்வாளரை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அன்று வந்தவருக்கு என் மகன் வயது. சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்தார். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார். பிறகு மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பழக்கதோஷம், கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கல்லை எடுத்து வைத்துவிட்டு நின்றேன்.

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, நான் சர்டிபிகேட் குடுக்கறது காருக்கா, கல்லுக்கா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் காரிலும் கல் இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்து, கியரை எடுத்துவிட்டுக் கை பிரேக்கை இழுத்தேன். குழம்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரி லேசாக மேலே வந்தது. அவர் கல்லை எடுத்ததும் கார் பின்னால் உருண்டது, பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் கத்தினார். நான் காலால் மிதித்து நிறுத்தினேன்.

"பக்கத்துல ஆளை உக்கார வெச்சுட்டு இதுலயா மலை ஏறி எறங்கறீங்க?" என்று கேட்டார். சரிசெய்து அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார். அதற்கு மூன்றாம் நாள் பதினைந்து வருடம் முடிகிறது.

கோத்தகிரி மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இந்தக் கேபிளு பொறந்ததுல இருந்து வேலைக்கே வல்லீங்க. சும்மா சம்பளம் வாங்கீட்டு இருந்துருக்குது."

புது கேபிள் போட்டான். தினமும் காலையில் வீட்டுச் சரிவில் காரை நிறுத்தி, கை பிரேக்கை மட்டும் போட்டுப் பழகினேன். வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து அதிகாரம் செய்தார். "கல்லைத் தொடாதே! தொட்டா பெயிலு!"

அடுத்த வாரம் எனக்கு முன்னால் வரிசையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. எண்ணைப் பார்த்தேன். மேல்வீட்டுக்காரரின் கார். பக்கத்தில் நீங்கள், கையில் ஃபைலோடு.

"இது பழைய இரும்புக்குப் போன வண்டியாச்சுங்களே?" என்று கேட்டேன்.

"அது வந்துங்க்கா... இது வேற கேசுங்க. அப்பறம் பேசலாமுங்க."

வேறு கேஸ் எதுவும் இல்லை. அதே பதினைந்து வருடம், அதே பசுமை வரி, அதே மேடு. அந்தக் காரும் தேறியது; இரும்பு விலைக்கு வாங்கியதை இனி கார் விலைக்கு விற்பீர்கள். பிறகு எங்கள் காரை மேட்டில் நிறுத்தினேன். கை பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு காலையும் தூக்கிக் காட்டினேன். கார் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடம்.

இப்போது என் வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றி வாசலிலிருந்து கார் வரைக்கும் தானே நடந்து வருகிறார். பதினெட்டு எட்டு வைக்கிறார். நான் எண்ணுகிறேன், அவர் திட்டுகிறார். படிகளும் ஏறுவார் என்று டாக்டர் சொல்கிறார். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் காரை உங்களுக்குக் கொடுக்க இருந்தார்கள். அவர்களை நானே ஊட்டிக்கு அனுப்பினேன். கல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஆனால் மேல்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இன்னும் படிதான் ஏறுகிறார்கள். உங்களை நம்பியிருந்தால் என் வீட்டுக்காரர் இன்று கட்டிலில் கிடப்பார். அதனால் இதை உங்கள் கடைக்குள் தனியாகப் பேசி முடிக்க நான் வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் எல்லாரும் இருப்போம். உங்களிடம் காரைக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். நீங்களும் வாருங்கள். மலையில் பதினைந்து வருடம் முடிந்த கார் ஓடக்கூடாது என்ற அந்தச் சட்டம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டது? மேல்வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.