குப்பியின் பெயரில் படிக்க வந்தவள்

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றும் அத்தாவோடு கூடப் பிறந்தவளைக் குப்பி என்றும் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்குக் குப்பி என்றால் மருந்து பாட்டில். எனக்கு ஒரே ஒரு குப்பிதான். மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்துப் பெண்களில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். அதற்காக ஜமாத்துப் பெரியவர்கள் வரை போய்ப் பேசி, வீட்டில் எல்லோரையும் சம்மதிக்கவைத்தவர் அத்தா. மாதம் ஒரு ஞாயிறு ஊருக்கு வந்து திரும்புவாள். அப்போதெல்லாம் பேகம்பூரில் இருந்த எங்கள் பிரியாணிக் கடையிலிருந்து ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறையக் கட்டிக் கொடுப்பார் அத்தா. "இம்புட்டு எதுக்குண்ணே?" என்பாள் குப்பி. பஸ் ஸ்டாண்டு வரை அந்தத் தூக்கை நான்தான் கொண்டுவருவேன் என்று அடம்பிடிப்பேன். தெருமுனை தாண்டியதும் கை வலிக்கிறது என்று அவளிடமே கொடுத்துவிடுவேன்.

கடைசி வருடப் படிப்பில், மழைக்காலத்தில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எனக்கு அப்போது ஆறு வயது.

அதன் பிறகு அத்தா அவளைப் பற்றிப் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். யாராவது பேச்செடுத்தால் கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார். அத்தாவிடம் குப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது என்று அம்மா என் காதில் சொல்லிவைத்திருந்தாள். கண்ணாமூச்சியில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பதைப் போல இதையும் ஒரு விதியாக எடுத்துக்கொண்டு, நானும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அத்தாவுக்கு ஒரு போன் வந்தது. குப்பியோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த அக்காமார்கள் பேசினார்கள். படிப்பை முடித்து ஆளுக்கொரு வேலையில் சேர்ந்திருந்தார்கள். குப்பியின் பெயரில் ஏதோ செய்யப்போவதாகவும் அதற்கு வீட்டார் சம்மதம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். அத்தா, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா" என்று வைத்துவிட்டார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

போனில் வேண்டாம் என்றால் நேரில் வந்துவிடுவார்கள் என்று அத்தா எதிர்பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் கூட்டம் வடிந்த நேரத்தில், நான்கு பேர் கடைக்குள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது வழக்கம். அவர்களில் உயரமாக இருந்த அக்கா அத்தாவிடம் வந்து, "சார், நாங்க மூலை ரூம்காரிங்க" என்றாள். விடுதியில் மேல்மாடி மூலையில் இருந்த அறையாம் அவர்களுடையது. ஊர்க்காரர்கள் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற அத்தாவை ஒருத்தி சார் என்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பயத்தில் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

அத்தா எழுந்திருக்கவில்லை. "போன பிள்ளை பேர வச்சு ஊரைக் கூட்ட வேணாம்மா. இம்புட்டுத் தூரம் வந்திட்டீங்க. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க" என்றார்.

பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அங்கே போய் உட்கார்ந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். உயரமான அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "நீதான் தூக்குச்சட்டித் தங்கமா?" என்று கேட்டாள். என்னைப் பற்றி குப்பி அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள்!

இலை போட்டதும் அவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. கண்ணாடி போட்ட அக்கா சைவக் குடும்பம். குப்பி கொண்டுவரும் தூக்கைத் திறந்தால் இவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாளாம். குப்பி ஒரு கரண்டிச் சோற்றை மட்டும் ஓரமாக எடுத்து, "இதுல கறி இல்லடி, ஆட்டோட நெனப்பு மட்டுந்தான் இருக்கு" என்று நீட்டுவாளாம். நெனப்புக்குத் தீட்டில்லை என்று இவளும் வாங்கித் தின்றுவிடுவாளாம். நான்கு பேரும் சிரித்தார்கள். குப்பியைப் பற்றிப் பேசிச் சிரிக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விதியை மீறுகிற பயத்தோடு நானும் சிரித்தேன்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "வருஷா வருஷம் ஒரு பொண்ண உங்க குப்பி பேர்ல படிக்கவைக்கப் போறோம்" என்றாள் உயரமான அக்கா. எனக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு பெண்ணுக்கு எங்கள் குப்பியின் பெயரைக் கொடுத்து, அவள் படுத்த கட்டிலில் படுக்கவைத்து, அவள் விட்ட படிப்பைப் படிக்கச் சொல்லப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

அப்போது அத்தா கையில் தயிர்வெங்காயக் கிண்ணத்தோடு தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பரிமாறுவதற்கு ஆள் இருக்கும்போது அவர் ஏன் எடுத்துவந்தார் என்றும் தெரியவில்லை. சிரிப்பு நின்றுபோயிற்று.

உயரமான அக்கா எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்க முடியல. அன்னைக்குக் காலையிலேயே அவளுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. வீட்டுக்குக் கூப்பிடுறோம்னு சொன்னோம். அண்ணன் இந்நேரம் பிரியாணிக்குத் தம் போட்டிருக்கும், பதறிப்போயிரும், சாயங்காலம் சொல்லிக்கலாம்னா. அவ பேச்சக் கேட்டு நாங்களும் மத்தியானம் வரைக்கும் கூப்பிடாம இருந்துட்டோம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மற்ற மூவரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தா கிண்ணத்தை வைத்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"கூப்பிட்டப்ப மட்டும் நான் என்னம்மா செஞ்சேன்? சாணார்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குச் சமையல். பந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. காச்சல்தானேன்னு, பந்தி முடியட்டும்னு நின்னுட்டேன். நான் வந்து சேந்தப்ப…" என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "எந்திரிச்சு நிக்காதம்மா. உக்காந்து சாப்பிடு" என்றார்.

அத்தா நேரம் தவறி வந்ததற்காகவும் அக்காமார்கள் நேரம் தவறிக் கூப்பிட்டதற்காகவும் பெரியவர்கள் இத்தனை கலங்குவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூட வேன் தினமும்தான் நேரம் தவறி வருகிறது.

கிளம்பும்போது அத்தா அவர்களைக் கடை வாசல் வரை வந்து வழியனுப்பினார். நீங்கள் நால்வர் போடுவதில் ஐந்தாவது பங்கு என்னுடையது என்றார். அன்றிரவு சாப்பிடும்போது, நெனப்புக்குத் தீட்டில்லை என்ற கதையை அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எங்கள் வீட்டில் குப்பி மறுபடியும் பேச்சில் வரத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அந்தப் படிப்புதவி இன்றுவரை நிற்கவில்லை. மூலை அறைக்காரிகளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. படித்து வேலைக்குப் போன பெண்களும் இப்போது ஆளுக்கொரு பங்கு போடுகிறார்கள். நானும் போடுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதன்முதலில் வந்த பெண்ணைப் பற்றி. எரியோடு என்ற ஊர்க்காரி. தக்காளியும் முருங்கையும் போடுகிற வீடு. கல்லூரி திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு உயரமான அக்கா அவளைக் கடைக்குக் கூட்டிவந்தாள். ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தாள் அந்தப் பெண். அம்மாவோடு நானும் காலையிலிருந்தே கடையில் காத்திருந்தேன். குப்பியின் பெயர் இப்போது இவளுடையது. அப்படியானால் இவளை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேராகப் போய் அவள் கையைப் பிடித்து, "குப்பி, உள்ள வாங்க" என்றேன்.

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அத்தாவின் கை நின்றது. அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். உயரமான அக்கா தெருவைப் பார்த்தாள். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. குப்பி என்றால் என்ன என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கையை உருவிக்கொள்ளாமல் நின்றாள்.

"சின்னப் பிள்ள. அது அப்படியே கூப்பிட்டுட்டுப் போகட்டும். உனக்கொண்ணும் சங்கடமில்லையேம்மா?" என்று கேட்டார் அத்தா.

"எனக்கென்ன சங்கடம்? கூப்பிடட்டும்ண்ணே" என்றாள் அவள்.

அத்தா கல்லாவை விட்டு எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"என்னம்மா சொன்ன?"

"கூப்பிடட்டும்ண்ணே" என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

இவ்வளவு பக்கத்தில் நின்று பேசியும் அவருக்கு விழவில்லையே, அடுப்படிச் சத்தத்தில் அத்தாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.