மலை என்று அடித்தேன்

நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. என் கண்ணெதிரே நடந்தது. நடு ராத்திரிகூட இல்லை, சாயங்காலம் ஆறே கால். வாங்கி வைத்த டீ இன்னும் ஆறவில்லை.

நான் ஓர் அச்சகத்தில் டிசைனர். பக்கத்து அறையில் பேப்பர் வெட்டும் மெஷின். அதில் வேலை செய்வது என் அக்கா புருஷன். ஆறடி உயரம், அகலமும் அதற்குத் தகுந்த மாதிரி. கடையில் எல்லோருக்கும் அவர் 'மலை'. பழைய அடியொன்றில் வலது கைச் சுண்டு விரல் வளைந்துபோய்விட்டது. "என் விரலே கேள்விக்குறி மாப்ள" என்று அவரே கிண்டலடிப்பார்.

அன்று பேய் வீடு கண்காட்சி ஒன்றுக்கு போஸ்டர். எழுத்து கிழிந்து சிதைந்து தெரிய வேண்டுமாம். அதற்கு வழி உண்டு. யூனிகோடில் எழுத்துக்கு மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும் குறிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு என்றால் அடக்கமாக நிற்கும். அடுக்கிக்கொண்டே போனால் கீறல் கீறலாகப் பக்கத்து வரிகளில் வழியும்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். எதைச் சோதித்துப் பார்ப்பதென்றாலும் 'மலை' என்றுதான் அடிப்போம். அன்றும் அடித்தேன். கடைசி எழுத்தில் குறிகளை ஒட்டினேன்.

பக்கத்து அறையில் மெஷின் வெட்டும் சத்தம். டக்...

மச்சான் வெளியே வந்தார். வலது மணிக்கட்டில் ரத்தக் கோடு.

"என்ன மச்சான்?"

"பண்டல் கட்டிட்டிருந்தேன். பேப்பர் கீறிடுச்சு போல."

துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, இன்னும் ஒரு கொத்துக் குறிகளை அள்ளி ஒட்டினேன்.

டக். டக். டக்.

அலறல்.

ஓடினேன். மச்சான் தரையில் கிடந்தார். முழங்கை வரை நெடுக்கும் குறுக்குமாகப் பிளந்திருந்தது. சுவரெல்லாம் ரத்தம். பக்கத்தில் யாரும் இல்லை. நான் பார்க்கப் பார்க்க... தோலில் இன்னொரு கோடு திறந்தது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.

திரும்பி ஓடினேன். திரையில் குறிகள் தாமாகவே பெருகிக்கொண்டிருந்தன.

பேக்ஸ்பேஸ் தட்டினேன். ஒரு குறி போனது. உள்ளே அலறல் கொஞ்சம் தணிந்தது. இன்னொன்று. ஒவ்வொன்றாகத் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. பயம். அழுத்திப் பிடித்தேன்.

குறிகள் போயின... எல்லாம் போயின...

விரலை எடுப்பதற்குள் கடைசி எழுத்தும் போயிற்று.

டக்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "மணிக்கட்டோட துண்டாயிருக்கு. கையைக் கொண்டு வாங்க. சீக்கிரம் கிடைச்சா சேர்த்துடலாம்."

அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "போடா. தேடிக் கொண்டா."

மெஷினுக்கு அடியில் தேடினேன். கழிவுப் பேப்பர் மூட்டைகளைக் கொட்டித் தேடினேன். ரத்தம் இருந்தது, கை இல்லை. அப்போது முதலாளி உள்ளே வந்தார், கையில் சாக்கில் சுற்றிய நீளமான பொருளோடு.

"மெஷின்ல என்னடா தேடுற? பிளேடை மத்தியானமே கழட்டி சாணை பிடிக்கக் குடுத்துட்டேனே. இப்பதான் வாங்கிட்டு வரேன்."

என் அறைக்குத் திரும்பினேன். அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் 'ம' மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, நான் போடாத ஐந்து கோடுகள் தொங்கின.

ஓரக் கோடு வளைந்திருந்தது.

மச்சான் பிழைத்துக்கொண்டார். கை கிடைக்கவே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை யாரையும் தொட விடாமல் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை.

நேற்று அவராகவே சொன்னார்.

"இல்லாத கையில ஏதோ தட்டுப்படுது மாப்ள. சில்லுன்னு, வழவழன்னு... கண்ணாடியை உள்பக்கமா தடவுற மாதிரி."