நிலம் அளக்க வந்தவள்

போன வருஷம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லிங்கி ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டி மிச்சமிருக்கிற லயன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, "நெலம் அளக்க வந்துட்டாங்க லா, கோயில்கிட்ட நிக்கிறாங்க" என்றார்.

கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டேன். தோட்டத்தை விற்கப்போவதாக ரொம்ப நாளாகவே பேச்சு. எங்கள் சொந்தக்காரர்கள் இருந்த தோட்டத்திலும் இப்படித்தான், முதலில் மூன்று கால் ஸ்டாண்டோடு ஆள் வந்தது, பிறகு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

ஈரக் கையோடு போனேன். நிஜமாகவே மூன்று கால் ஸ்டாண்டு, அதன் மேல் ஒரு குழாய், அதில் கண்ணை வைத்தபடி ஒரு பெண். "யாரைக் கேட்டு அளக்குறீங்க?" என்று கத்தினேன். அவள் திரும்பாமலே, பேசாதீங்க என்று கையைக் காட்டினாள். வந்ததே கோபம் எனக்கு. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டேன்.

அப்புறம்தான் திரும்பினாள். நம்ம தமிழ்ப் பொண்ணு. கழுத்தில் தாலி, மேலே ஃபேக்டரி சட்டை. "அளக்கலக்கா, பறவை பாக்குறேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. பறவை பார்க்கிறவர்கள் என்றால் டிவியில் வருகிற தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தாத்தாக்கள், இல்லையென்றால் காசு இருந்தும் பொழுது போகாதவர்கள் என்றுதான் என் நினைப்பு. இவளோ நீலாய் ஊர் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து, படுக்கக்கூடப் போகாமல் மோட்டார் சைக்கிள் ஏறி வந்திருக்கிறாள். அவளோடு பறவை பார்க்கிற கூட்டாளிகளில் லோரி ஓட்டுகிறவர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லாம் உண்டாம். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் அந்தக் குழாய்கூடக் கூட்டாக வாங்கியதுதானாம். "தூங்காம குருவி பாக்கவா?" என்றேன். "மெஷின் சத்தம் காதுல இருந்து எறங்கினாதான்க்கா எனக்குத் தூக்கமே வருது. வீட்டுக்காரரே பைத்தியம்னுதான் சொல்றாரு" என்று சிரித்தாள்.

கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னாள். பிறகு குழாயில் பார்க்கச் சொன்னாள். கோயில் மரத்தின் உச்சியில் ஒரு பொந்து. அதன் வாயை மண் வைத்துப் பூசி, நடுவில் ஒரு சந்து மட்டும் விட்டிருந்தது. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்களே, பெரிய மூக்குக்கார இருவாச்சிப் பறவை, அதில் பொட்டை உள்ளே தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்குமாம். நான் போட்ட கத்தலில் பறந்துபோன ஆண் அப்போதுதான் திரும்பியிருந்தது. தொண்டையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, சந்து வழியாக ஊட்டியது. பிறந்ததிலிருந்து அந்த மரத்தடியில் கும்பிடுகிறவள் நான். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"வெளிய சொல்லிடாதீங்கக்கா. குஞ்சைப் பிடிச்சு வித்துருவாங்க. இந்த மாதிரி பொந்து அதுங்களுக்கு லேசுல கிடைக்காது" என்றாள். பெற்ற பிள்ளையை ஒப்படைக்கிற குரல் அது. ஊசி விழுந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும் எங்கள் லயனில், விஷயம் எல்லாருக்கும் தெரிந்தும், குஞ்சு பறந்துபோகிற வரைக்கும் வெளியாளிடம் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

வீடு போய்விடுமோ என்ற பயம் இன்னும் எங்களுக்குத் தீரவில்லை. காரில் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், இந்த இடம் என்ன விலைக்குப் போகும் என்று பார்க்கிறார்கள். இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வந்தது அந்தப் பொண்ணு ஒருத்திதான்.