துணி இலவசம், தையல் அவர் கடையில்

தென்காசியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். வாயாடி என்று பெயர் வாங்கினவள். அதனால் விவாதப் போட்டி வந்தால் என் தலையில்தான் கட்டுவார்கள். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் செய்கிற உதவி நன்மையா தீமையா என்பது அந்த வருஷத் தலைப்பு. எந்தப் பக்கம் பேசணும் என்பது அன்றைக்குச் சீட்டு எடுத்தால்தான் தெரியும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது பட்டிமன்றம். 'நடுவர் அவர்களே' என்று கையை வீசுவதும், கைதட்டலுக்கு நிறுத்துவதும்... எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, கத்தாத. கண்ணால பாத்தது ஒண்ணு சொல்லு, போதும்" என்பேன். சொன்னது என் வாய்தான், யாரைக் குறை சொல்ல?

அதைக் காதில் வாங்கினது ஒருத்திதான். சுரண்டைப் பக்கத்துப் பிள்ளை. அப்பா இல்லை, அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் இவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பள்ளிக்குச் சீருடைத் துணியும் அவர்தான் இலவசமாகத் தருவார். ஆனால் அவர் கடையில்தான் தைக்கணும்.

குற்றாலத்தில் போட்டி. மற்ற பிள்ளைகள் அருவிக்கு எப்போது விடுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக அந்த அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். இவளுக்கு வந்த சீட்டு 'தீமை'.

"டீச்சர், சீருடை விஷயத்தச் சொல்லப்போறேன்."

"அடிப் பாவி! உன் படிப்பு அந்த மனுஷன் கையில இருக்கு. வேற ஏதாவது சொல்லு."

"நான் கண்ணால பாத்தது அது ஒண்ணுதான டீச்சர்."

மேடையில் அவள் கையை வீசவில்லை. "உதவி செய்யும் நாடு, 'எங்கள் கம்பெனியிலேயே சாமான் வாங்கு' என்கிறது. எங்கள் பள்ளிக்கும் துணி இலவசமாக வந்தது, ஒரே கடையில் தைக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் தைத்தது எங்கள் தெருப் பெண்கள். அந்த ஜூன் மாதம் எங்கம்மா மிஷின் ஓடவில்லை. கொடுத்தவர் நல்லவர். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

முதல் பரிசுக் கப் அவளுக்குத்தான். பரிசு கொடுப்பதற்கு முன்பே அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கப்ப வச்சு என்னட்டி செய்ய? காலேஜ் போச்சே!"

அவளும் கலங்கித்தான் இருந்தாள். ஆனால் சொன்னது வேறு. "அவரு மறுத்துப் பேச நாம நேரமே குடுக்கலியே டீச்சர். அது தப்புல்லா?"

இத்தனை வருஷம் விவாதம் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் தனியாகக் கடைக்குப் போய், வகுப்புக்கு வந்து பதில் பேசச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன தைரியம்! திங்கட்கிழமை மனுஷன் வகுப்புக்கே வந்துவிட்டார். இவள் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தாள். "மூணு நிமிஷம் அண்ணாச்சி."

"எங்கடையில நாலு டெய்லர் இருக்காவ. அவுகளுக்கும் பொழப்பு வேணும்லா? அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவ நான் நெனைக்கல தாயி. இனி துணி வரும், எங்கன வேணும்னாலும் தைச்சிக்கிடுங்க. உன் ஃபீஸ் கட்டுதேன்னு சொன்னதும் சொன்னதுதான்."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. குனிந்து வாட்சைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, அண்ணாச்சி."