நான் கழுவிய ஏழு பந்துகள்

எங்கள் அண்ணை எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத நானே உரியவள் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எட்டு ஆண்டுகள் அவர் என் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தவர். ஆனாலும் அவரை எனக்கு எவ்வளவு விளங்கியது என்று நினைத்தால் குழப்பமாகவே இருக்கிறது.

சாவகச்சேரியில் மூன்று தங்கைகளுக்கு மூத்தவராகப் பிறந்தவர். எண்பதுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்து, வேலை அனுமதி இல்லாமல் முகாமில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். பிறகு ஸ்டுட்கார்ட்டில் அமெரிக்க இராணுவத்தின் சமையலறை ஒன்றில் கோப்பை கழுவினார். அந்த உழைப்பில்தான் நாங்கள் மூவரும் கரை சேர்ந்தோம். தன் காலுக்கென்று ஒரு நல்ல சப்பாத்துக்கூட வாங்க மாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பேஸ்பால் பந்துகள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு அமெரிக்கர்கள் குடும்பம் குடும்பமாக நாடு திரும்பினார்கள். அப்போது ஒரு சார்ஜன்ட் அண்ணைக்கு ஒரு பழைய பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐம்பதுகளில் ஏதோ சிற்றூர் அணியில் ஆடிய அத்தனை பேரும் அதில் கையெழுத்து வைத்திருந்தார்கள். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். சனிக்கிழமைதோறும் பழைய சாமான் சந்தைக்குப் போய், பெரிய லீக்குக்கு ஏறாத கீழ்மட்ட அணிகளின் பந்துகளையே தேடினார். ஒருமுறை பேர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் பந்து கைக்கு வந்தபோது, "இவரை எல்லாருக்கும் தெரியுந்தானே" என்று திருப்பிக் கொடுத்தாராம். அந்த விளையாட்டை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அண்ணை, ஆரெண்டே தெரியாத ஆக்களின்ரை கையெழுத்து உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்பேன்.

"சும்மாதான் தங்கச்சி" என்பார்.

ஒரு சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகங்களோடு அண்ணையின் பொருளும் இருக்கட்டும் என்று நினைத்தேன். கோப்பை கழுவும் துணியையா வைப்பது? பந்துகளை எடுத்தேன். அவை மஞ்சளித்து ஊத்தையாகக் கிடந்தன, மாட்டுத்தோலில் செய்தவை வேறு. அப்படியே சாமிக்கு முன்னால் வைக்க மனம் வரவில்லை. ஏழு பந்துகளைச் சோப்புப் போட்டு உரஞ்சிக் கழுவி, ஹீட்டர் மேல் காயவைத்து, சந்தனப் பொட்டும் வைத்தேன். எழுத்து அழிவதைக் கண்டேன். கிறுக்கல்தானே என்று விட்டுவிட்டேன்.

வேலையால் வந்தவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதை என்ன செய்தனீ?"

"கழுவினனான் அண்ணை. ஊத்தையோடை சாமிக்கு வைக்கேலாதெல்லே."

"ஓம். நல்ல வெள்ளையாய் வந்திருக்கு."

அவர் முகத்தைப் பார்த்ததும் செய்த பிழை எனக்கு உறைத்தது. அவரோ குளித்துவிட்டு வந்து தேவாரம் பாடினார், அவல் சாப்பிட்டார். யன்னலைத் திறந்துவைத்து ஹீட்டரைப் போட்டதற்குத்தான் அன்று எனக்கு ஏச்சு விழுந்தது. அந்த ஏழு பந்துகளையும் மற்றவற்றோடு அலுமாரியில் அடுக்கினார்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு பந்து கொண்டுவரச் சொன்னார். கையெழுத்து நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடிக் கொண்டுபோனேன்.

"இதில்லை. நீ கழுவினது" என்றார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். என்னைக் குத்திக்காட்டினாரா, தேற்றினாரா, அழிந்த பேர்களை நினைவில் தேடினாரா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்க வாயெடுத்தபோது தாதி ஊசி போட வந்துவிட்டார். "நாளைக்கு வாறன் அண்ணை" என்றேன். தலையாட்டினார். விடியுமுன் போய்விட்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றி இறக்கியவர்கள், ஜெர்மன் பத்திரங்களை நிரப்பித் தந்தவர்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அமெரிக்காவின் சிற்றூர்களில் இப்போது வயதாகி இருக்கக்கூடிய அந்த ஆட்டக்காரர்களிடம், முகம் தெரியாவிட்டாலும், மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணையிடம் மட்டும் நான் கேட்கவேயில்லை. அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். இத்தனை பேருக்கு முன்னால் இப்போது கேட்கிறேன். அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.