தானாக நகர்ந்த அம்பு

கணினி முதன்முதலில் உறைந்து நின்றபோது நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டில்தான். ஏதோ ஒரு வெளிநாட்டு நெடுஞ்சாலை, ஆறு வழிப் பாதை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை. திரை அப்படியே நின்றுவிட்டது. என்ஜின் சத்தம் மட்டும் ஒரே இடத்தில் சிக்கி ட்ர்ர்ர்ர் என்று அலறியது. மௌஸை எப்படி இழுத்தாலும் அசையவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து உயிர் வந்தபோது என் லாரி தடுப்பில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் வரிசையில் எனக்கு ஒரு சின்ன ஆன்லைன் சேவைக் கடை இருக்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் மத்தியானத்துக்கு மேல் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில்தான் விளையாடுவேன். என் வீட்டுக்காரர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. அதனால் எனக்கு அந்த லாரி போதுமாக இருந்தது.

ஒரு வாரத்தில் உறைவது அன்றாடப் பழக்கமாகிவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிற்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: சந்தை நாளில்கூட, ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே, திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்திருந்தேன். அப்படி ஒரு நாள் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார், முன்பு ரேஷன் அட்டை வேலைக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையில் நடக்கத் தொடங்கியவர்.

"தங்கச்சி, புது சிம் வாங்கப் போனேன். எம்பேர்ல ஏற்கெனவே ஒம்போது சிம் கீதாம், இனிமே தர முடியாதுன்றான். நா வச்சிக்கிறதே ஒரே போனு. இன்னான்னு பாத்து சொல்லேன்."

பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவர் கையிலிருந்த போனை வாங்கி எண்ணைப் போட்டால் ஐந்து நிமிஷ வேலை. என் திரையில் லாரி உறைந்து கிடந்தது. அது விடுபடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"சர்வர் ஸ்லோக்கா. சிஸ்டம் சில நேரம் தப்பா காட்டும். அடுத்த சந்தைக்கு வாங்க, பாக்கலாம்" என்றேன்.

அவர் சரியென்று எழுந்து போனார். நம்பித்தான் போனார்.

அன்று மத்தியானம் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். விளையாட்டைத் திறக்காமலே நினைவகம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிரவுசரில் நான் மூடாமல் விட்ட பக்கங்கள் முப்பதுக்கு மேல். மூடினேன். கணினி எழும்போதே கூட எழுகிற பிரிண்டர் மென்பொருள், இலவசமாக வந்து ஒட்டிக்கொண்ட வைரஸ் தடுப்புகள் இரண்டு, எல்லாவற்றையும் நிறுத்தினேன். விளையாட்டுக்குள் போய் நிழலை எடுத்தேன், மரங்களைக் குறைத்தேன், மழையை நிறுத்தினேன். மொட்டைச் சாலையில் ஓடிய லாரி மறுபடியும் நின்றது.

சூடாக இருக்கும் என்று தோன்றியது. சிபியூ பெட்டியின்மேல் கை வைத்தேன், தோசைக் கல்போலக் கொதித்தது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்தேன்.

முதலில் நாற்றம்தான் வந்தது. எங்கள் கடைக்கு அடுத்தது போண்டாக் கடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை காயும் எண்ணெயின் புகையை என் கணினியின் விசிறி இரண்டு வருஷமாக உள்ளே இழுத்திருக்கிறது. தூசியும் எண்ணெயும் கலந்து கறுப்புக் களிம்பாக எல்லா இடத்திலும் அப்பியிருந்தது. தொட்டால் விரலோடு நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. விசிறியின் இறக்கைகளுக்கு நடுவில் ஒரு பல்லி, காய்ந்து, வாயைத் திறந்தபடி. பவர் சப்ளைக்குள்ளிருந்து கரப்பான்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் முழங்கையில் ஏறின. உதறிவிட்டு வெளியே ஓடி வாய்க்காலோரம் குனிந்து நின்றேன். குமட்டல் அடங்க நேரமாயிற்று. இந்தப் பெட்டிமேல்தான் தினமும் டிபன் டப்பாவை வைத்திருக்கிறேன்.

மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். ரேம் என்கிற நினைவக அட்டை செருகும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் அட்டை இருந்தது, மற்றது காலி. சுற்றிலும் அவ்வளவு பிசுக்கு அப்பியிருக்க, அந்தக் காலி இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அங்கே சமீப காலம்வரை இன்னொரு அட்டை இருந்திருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பெட்டியைத் திறந்தது ஒரே ஆள். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். கண்ணமங்கலத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். எனக்கு இந்தக் கணினியை விற்றதும் அவன்தான். சர்வீஸ் என்று வந்து அரை நாள் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

பெட்டியை மூடி வயர்களை மாட்டிக் கணினியை எழுப்பிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். கணினி அடிக்கடி நிற்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா அண்ணி, கேம் வெளாடுறீங்களா?" சிரித்தான். "அதுக்கு இது தாங்காது. இருங்க, நா இங்கேருந்தே பாக்கறேன்."

நான் இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கை முழுக்கப் பிசுக்கோடு நின்றுகொண்டிருந்தேன். மேசையில் மௌஸ் அசையாமல் கிடந்தது. திரையில் அம்பு நகர்ந்தது. தானாக மேலே போயிற்று, ஒரு கட்டத்தைத் திறந்தது, எதையோ மூடியது, ஓரத்தில் எதையோ அழுத்தியது. தன் வீட்டுக்குள் நடக்கிறவன்போல அது எங்கும் தயங்காமல் போயிற்று.

"பாருங்க, இப்ப சரியாப்போச்சு. நா சாப்புட போறேன் அண்ணி" என்று போனை வைத்தான்.

தூரத்திலிருந்து கணினியைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே திரையில் ஒரு எண் வரும், அதை நான் படித்துச் சொல்ல வேண்டும், நான் சம்மதம் தர வேண்டும். அவ்வளவு எனக்குத் தெரியும். நான் எதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இண்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். கதவைப் பாதி சாத்தினேன். பட்டியலை மறுபடியும் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பிரிண்டர் சம்பந்தப்பட்டது மாதிரி ஒரு பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் பிரிண்டர் வேறு கம்பெனி. அது இருக்கும் இடத்தைத் தேடித் திறந்தேன். ஒரு ஃபோல்டர் விரிந்தது.

உள்ளே என் கடைக்கு வந்த அத்தனை பேரும் இருந்தார்கள். ஆதார் நகல், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கையெழுத்து, கைநாட்டு. ஊர் வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தது. நான் ஸ்கேன் செய்கிற ஒவ்வொன்றும் அன்றன்றே அங்கே போய், அங்கிருந்து அவன் கடைப் பெயரிலிருந்த ஒரு மின்னஞ்சல் கணக்குக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நினைவக அட்டையை அவன் உருவிப் போனதிலும் இந்தச் சுமையிலும்தான் என் கணினி மூச்சு முட்டியது.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அவற்றை நான் அழித்திருக்க வேண்டும். ஒருவரும் அழிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. மறுமுறை வரும்போது இன்னொரு தடவை ஸ்கேன் செய்கிற வேலை மிச்சம் என்று டெஸ்க்டாப்பிலேயே குவித்து வைத்திருந்தேன். அவனுக்கு அள்ளிக்கொள்வது மட்டும்தான் பாக்கி.

நெல்லிவாசல் என்று பெயரிட்ட ஃபோல்டரில் அந்த அக்காவின் முகம் இருந்தது. ஒன்பது சிம்.

கடைசியில் தனியாக ஒரு ஃபோல்டர். பெயர் 'சூப்பர்'. அதில் ஆவணம் எதுவும் இல்லை, போட்டோக்கள் மட்டும். நூறு நாள் வேலை அட்டைக்கும் ரேஷன் அட்டைக்கும் என்னிடம் படம் எடுத்துக்கொண்ட பெண்கள். கல்யாணமானவர்கள், கைக்குழந்தையை வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராகப் பார்த்தவர்கள். நான்தான் தலையை நிமிர்த்தச் சொல்லியிருப்பேன். நான்தான் கொஞ்சம் சிரிங்கக்கா என்றிருப்பேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். நாலாவது வரிசையில் என் படம் இருந்தது. புது கேமராவைச் சோதிக்க நானே எடுத்தது.

அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தபிறகுதான் எழுந்து, பாதி சாத்தியிருந்த கதவை முழுதாகச் சாத்தித் தாழிட்டேன். அத்தனை பெண்களின் முகத்தைப் பார்த்தபோது அது எனக்குத் தோன்றவில்லை. அதை நினைக்கும்போது அவன்மேல் வருகிற அருவருப்பில் பாதி என்மேல் திரும்புகிறது.

மறுநாள் காலை அந்த ஃபோல்டர்களில் இருந்தவற்றின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மலையிறங்கினேன். போளூரில் வேலூர் பஸ் மாறிக் கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தபோது அவன் கடையில் உட்கார்ந்து பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதே மூடியைப் பேனாவில் செருகிவிட்டு, அதே கையால் நாற்காலியைத் தட்டிப் போட்டான்.

"இன்னா அண்ணி, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனே."

காகிதத்தை மேசையில் வைத்தேன். பார்த்தான். முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சிரிப்பு திரும்பி வந்தது.

"யாரு அண்ணி பண்ணல இத? அந்த மலைமேல இருக்கற ஆளுங்க பேப்பர வச்சிக்கினு இன்னா பண்ணப் போறாங்க? சிம் விக்கிற பசங்க கேட்டானுங்க, குடுத்தேன். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"என் போட்டோ எதுக்குடா?"

தம்பி என்பதைத் தவிர வேறு எப்படியும் அவனை அதுவரை நான் கூப்பிட்டதில்லை.

"தமாசுக்கு அண்ணி. இதப் போயி பெருசு பண்றீங்களே." டீ சொல்லட்டுமா என்று கேட்டான். அவன் பற்களில் பாக்குக் கறை. அந்தக் கடையின் காற்றை மூச்சில் இழுக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்தவர் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிய சொல்லாத. சொந்தத்துக்குள்ள போயி... நம்ம மானம்தான் போவும்."

"என் போட்டோவும் அதுல இருந்துதுங்க."

"அழிச்சிட்ட இல்ல?" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவர் கெட்டவரில்லை. வண்டியில் வயதானவர்கள் ஏறினால் முன் சீட்டைக் கொடுப்பவர். அன்று அவர் மெல்லுகிற சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன்.

நான் எதையும் அழிக்கவில்லை. மறுநாள் கணினியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். என் பிழையையும் அதிலேயே எழுதினேன். கணினியைச் சான்றுப் பொருளாக வாங்கிக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களும் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார்கள்.

அதற்காக வேறொருவர் ஜீப்பில் ஏறி அந்த அக்காவின் ஊருக்குப் போனேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை நாளில் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சர்வர்னியே தங்கச்சி."

"பொய் சொன்னேன்க்கா."

"வெளாட்டுக்காவா?"

தலையாட்டினேன்.

தட்டிய புளியின் ஓடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு கேட்டார்: "அப்ப எம் மூஞ்சி இன்னும் அவங்கிட்ட கீதா? அத எப்டி திருப்பி வாங்கறது?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தார். பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்கள். யாரும் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

அவன்மேல் வழக்குப் பதிவானது. கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. அக்காவின் சொந்த சிம் போக, அவர் பெயரிலிருந்த மற்ற எட்டையும் நானே கூட உட்கார்ந்து எழுதிக் கொடுத்து நிறுத்த வைத்தேன். படங்கள் எங்கெங்கே போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரரின் சொந்தத்தில் எங்களை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை. அவருக்கு அதில் என்மேல் வருத்தம். எனக்கு அவர்மேல் இருப்பதை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

கடையில் வேறு கணினி வாங்கி வைத்திருக்கிறேன். ஆட்கள் குறைந்துவிட்டார்கள். போன வாரம் ஒரு பெரியவர் பட்டா விஷயமாக வந்தார். வேலை முடிந்ததும் கிளம்பாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எம் பேப்பர அழி. நா பாக்கணும்."

அழித்தேன். திரையிலிருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எச்சில் இலையைப் பார்க்கிற பார்வை. பிறகு படியிறங்கிப் போனார்.